அத்தையின் காலும் கணவரின் முழங்கையும்: நீவுவது வேறு, தேய்ப்பது வேறு

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கிறேன். 68 வயதாகும் மாமியார் எங்களோடு இருக்கிறார். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகின்றன. தினமும் ராத்திரி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுகிறேன். மேலிருந்து கீழேதான் நீவ வேண்டும், அப்போதுதான் நோவு இறங்கும் என்கிறார் அத்தை. கணவருக்கு வலது முழங்கையின் வெளிப்பக்கம் மூன்று மாதமாக வலி. ஞாயிறுதோறும் சமூக மன்றத்தில் பூப்பந்து ஆடுகிறார். ஒரு மசாஜ் கடையில் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்ததில் அந்த இடமே நீலம் பாரித்துவிட்டது. "உள்ளே லாக்டிக் ஆசிட் கட்டியிருக்கு, வலிச்சாத்தான் உடையும்" என்று சொன்னார்களாம். இப்போது அதே மாதிரி என்னையும் தேய்க்கச் சொல்கிறார். இவர்கள் சொல்வதெல்லாம் சரிதானா? என் கட்டை விரலும் இப்போது வலிக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எண்ணெயை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்று ராத்திரி அத்தையின் இரண்டு கால்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். வீக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. என்றைக்காவது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாகவும் அழுத்தினால் வலியாகவும் இருந்தால் அன்று கையே வைக்காதீர்கள். ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை உருவிவிட்டால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும் ஆபத்து உண்டு. ஊருக்குப் போய் விமானத்திலும் பஸ்ஸிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்த பிறகும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பல நாள் படுக்கையில் கிடந்த பிறகும் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் அத்தனை அவசரம் இல்லை. ஆனால் காரணம் தெரிந்தாக வேண்டும். கொதிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று இருக்கிறதா பாருங்கள். ரொம்ப சாதாரணமாகக் கொடுக்கப்படும் மாத்திரை அது, நல்ல மாத்திரையும்கூட. ஆனால் கணுக்கால் வீக்கம் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. சிறிய தமனிகளை அது தளர்த்திவிடுவதால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. அத்தைக்கு இதுதான் காரணம் என்றால், எத்தனை எண்ணெய் போட்டு உருவினாலும் மறுநாள் சாயங்காலம் வீக்கம் திரும்பி வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாறுவதா என்று பாலிகிளினிக் டாக்டர் சொல்லட்டும். இதயம், சிறுநீரகம், ஈரல் சரியாக வேலை செய்யாவிட்டாலும் கால் வீங்கும். நீரிழிவு இருப்பதால் சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சில நாளிலேயே எடை ஏறிவிட்டது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, இப்போது நீவுவதற்கு வருவோம்.

அத்தைக்கு நீங்கள் செய்வதும் கணவருக்கு அந்தக் கடையில் செய்ததும் இரண்டு வேறு வேலைகள். நீவும்போது கை தோலின் மேல் வழுக்கிப் போகிறது. அதற்குத்தான் எண்ணெய். ஆழமாகத் தேய்க்கும்போது விரல் தோல்மேல் வழுக்கவே கூடாது. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வலது கை விரல் நுனியை இடது புறங்கையில் வைத்து லேசாக அழுத்திக்கொண்டு இப்படியும் அப்படியும் அசையுங்கள். விரலோடு தோலும் சேர்ந்து நகரும், அடியில் எலும்பும் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) தட்டுப்படும். உராய்வு நடப்பது தோலுக்கும் அதற்குக் கீழே இருப்பதற்கும் நடுவில். எண்ணெய் தடவினால் இது நடக்காது, விரல் சறுக்கிவிடும். எண்ணெய் போட்டு ஒரே இடத்தில் கட்டை விரலை ஓட்டி ஓட்டி அழுத்துவது இரண்டிலும் சேராத ஒன்று. தோல் எரிவதும் தேய்ப்பவர் விரல் நோவதும்தான் அதில் மிச்சம்.

தொடுகையை வகை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை உண்டு. இங்கே மசாஜ் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் எஃப்லராஜ் (நீவுவது), ஃபிரிக்‌ஷன் (தேய்ப்பது) முதலிய பெயர்கள் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியவை. மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர் அதற்கு முக்கியக் காரணம் என்பார்கள். பெயர் எதுவானாலும் கைக்கு அடியில் என்ன நகர்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

அத்தை சொல்லும் திசை விஷயத்தில் என் பதில் அவருக்குப் பாதி பிடிக்கும். கால் சிரைகளில் வால்வுகள் இருக்கின்றன. அவை ரத்தத்தை மேலே விடும், கீழே விடாது. நிணநீரும் காலிலிருந்து மேல் நோக்கித்தான் ஓடுகிறது. ஆகவே வீக்கத்தில் தேங்கிய நீரைக் கொஞ்சமாவது நகர்த்த வேண்டும் என்றால் கணுக்காலில் தொடங்கி முழங்காலை நோக்கி நீவ வேண்டும். அழுத்தம் மேலே போகும்போது மட்டும். திரும்பும்போது கை தோலை விட்டு எழும்பாமல் சும்மா தடவிக்கொண்டு வரலாம். அந்தத் தடவலை அத்தை "இறக்குவது" என்று நினைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வீக்கம் இல்லாத முதுகிலும் கையிலும் எந்தத் திசையில் நீவினாலும் சுகம்தான்.

ஏனென்றால் சுகம் வருவது திசையால் அல்ல, வேகத்தால். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்து மயிர் முளைக்கும் தோல் முழுவதும் ஒரு வகை மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. வலிக்கும் குத்தலுக்கும் அவை அவ்வளவாக அசைவதில்லை. மெதுவான வருடலுக்குத்தான் பதில் கொடுக்கின்றன. ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒற்றை ஒற்றை நரம்பிழையாகப் பதிவு செய்து பார்த்ததில், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் தொடுகைக்கு அவை மிக நன்றாகத் துடித்தன. வருடப்படுபவர்கள் இதமாக இருக்கிறது என்று சொன்னதும் அதே வேகத்தில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுமார் 40 சென்டிமீட்டர் என்றால், ஒரு நீவலுக்குக் கிட்டத்தட்ட 10 நொடி எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் பெரும்பாலும் இரண்டு நொடியில் முடித்துவிடுகிறோம், அதுவும் ஒரு கண் டிவியில் வைத்துக்கொண்டு. நாளைக்கு வேகத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். அத்தை நடுவிலேயே தூங்கிவிடலாம்.

"ரத்த ஓட்டம் கூடும்" என்று எல்லாரும் சொல்வதில் பாதிதான் உண்மை. தோல் சூடாகிச் சிவக்கிறதே, அது தோலின் ரத்த ஓட்டம். அடியில் இருக்கும் தசைக்குப் போகும் ரத்தத்தை 1990-களில் அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்தபோது நீவுவதால் பெரிய மாற்றம் தெரியவில்லை. கெண்டைக்கால் தசை தானாக ஒருமுறை சுருங்கி விரிந்தால் அதைவிட அதிக வேலை நடக்கும். அதனால் நீவி முடித்ததும் அத்தையைப் படுக்கவைத்து, காலைத் தலையணைமேல் இதயத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி, பாதத்தை மேலும் கீழும் 20, 30 முறை ஆட்டச் சொல்லுங்கள். பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி செய்யலாம். வீக்கத்துக்கு எண்ணெயைவிட இதுதான் வேலை செய்யும். இறுக்கமான காலுறை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் தமனி ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகே அதை மாட்ட வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.

நீரிழிவு என்றதும் எனக்கு இன்னொரு கவலை, அந்தச் சூடு. பல வருட நீரிழிவில் பாதத்தில் உணர்ச்சி மந்தமாகிவிடும். எண்ணெய் கொதித்தாலும் "சூடே இல்லம்மா" என்பார்கள். மறுநாள் கொப்புளம் தெரியும். ஆகவே அறை வெப்பத்தில் இருக்கும் எண்ணெய் போதும். இதமான சூடு வேண்டுமென்றால் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். விரலிடுக்கில் எண்ணெய் தங்க விடாதீர்கள். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அங்கே சேற்றுப்புண் பிடித்துக்கொள்ளும். தினமும் காலைத் தொடுகிறீர்கள், அப்படியே பாதத்தின் அடியையும் பார்த்துவிடுங்கள். சின்ன வெடிப்பு, நிறம் மாறிய இடம், புண் எதுவாக இருந்தாலும் அங்கே தேய்க்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஊருக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் ஏறும் கோடாலித் தைலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரித் தைலங்களில் இருக்கும் மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். கால் உண்மையில் குளிர்வதுமில்லை, தைலம் தசைக்குள் இறங்கிச் சூடேற்றுவதுமில்லை. வலியிலிருந்து கவனத்தைக் கொஞ்சம் திருப்பும், அதற்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் தைலம் பூசி அதன்மேல் சுடுநீர்ப் பை வைக்க வேண்டாம். வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலத்தை நிறைய பூசக் கூடாது. அது தோல் வழியாக உள்ளே போய் மாத்திரையின் வேகத்தைக் கூட்டும்.

உங்கள் கட்டை விரல் வலிப்பதில் ஆச்சரியம் இல்லை. மசாஜ் செய்து பிழைப்பவர்களுக்கே முதலில் போவது அதுதான். நீவுவதற்குக் கட்டை விரலே வேண்டாம். உள்ளங்கையைக் குழித்து, விரல்களைச் சேர்த்து, காலின் வளைவுக்கு ஏற்பக் கையைப் பொருத்துங்கள். அத்தை கட்டிலில், நீங்கள் ஸ்டூலில், அவர் பாதம் உங்களைப் பார்த்தபடி. தோளால் தள்ளாமல் இடுப்பிலிருந்து லேசாக முன்னே சாய்ந்தால் அந்த எடையே போதும். கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டோரம் சுரீர் என்று இழுத்தால் அங்கே தசைநாண் உறை புண்பட்டிருக்கும். இரண்டு மூன்று வாரம் அந்த விரலுக்கு வேலை கொடுக்காதீர்கள். கணவர் முழங்கையைத் தேய்ப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

அவர் விஷயத்துக்கு வருவோம்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலி, ராக்கெட் பிடிக்கிறவர். பிடியை இறுக்கும்போதும் வலிக்கிறது என்றால் டென்னிஸ் எல்போவாக இருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கட்டை மேலே தூக்கும் தசையின் நாண் முழங்கை எலும்பில் ஒட்டும் இடத்தில் வரும் கோளாறு அது. லாக்டிக் அமிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டத்தில் சேரும் அமிலம் ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஞாயிறு ஆடிய ஆட்டத்தின் அமிலம் புதன்கிழமை மசாஜ் கடைக்குப் போகும்வரை காத்திருக்காது. 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், களைக்கும்வரை சைக்கிள் மிதித்த 11 இளைஞர்களின் ஒரு தொடையை மட்டும் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்து ஒப்பிட்டார்கள். மசாஜ் செய்த தொடையில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டேட் அளவில் வித்தியாசம் இல்லை. அதாவது மசாஜுக்குப் பலன் உண்டு. காரணமாகச் சொல்லப்படுவதுதான் தப்பு.

கடையில் செய்ததற்கு ஒரு மூலம் இருக்கிறது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த ஜேம்ஸ் சிரியாக்ஸ் (1904–1985) பரப்பிய குறுக்குத் தேய்ப்பு முறை அது. எண்ணெய் இல்லாமல், நாணின் நார்களுக்குக் குறுக்காக, விரலும் தோலும் சேர்ந்து நகரும்படி, வலியுள்ள சரியான புள்ளியில் மட்டும் தேய்ப்பது. முதலில் வலிக்கும், ஓரிரு நிமிடத்தில் மரத்துப்போக வேண்டும். மரத்த பிறகு 10 நிமிடம்வரை போகலாம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மரக்காமல் வலி கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். நீலம் பாரிக்கும்வரை அழுத்துவது அவர் முறையும் அல்ல. அந்த நீலம் தோலடியில் உடைந்த சிறு ரத்தக்குழாய்கள், வேறொன்றுமில்லை. அது முழுசாக மறையும்வரை அங்கே யாரும் கை வைக்க வேண்டாம்.

தாறுமாறாக ஒட்டிப்போன நார்களைக் குறுக்குத் தேய்ப்பு பிரித்துவிடும் என்று சிரியாக்ஸ் நினைத்தார். விரல் கொடுக்கும் விசையால் அப்படி நடப்பதாகக் காட்டும் சான்று கிடைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பார்த்தபோது முழங்கைக்கும் முழங்காலுக்குமாகச் சேர்த்து இரண்டே சிறிய ஆய்வுகள்தான் தேறின. பலன் உண்டு, இல்லை என்று எதையும் உறுதியாகச் சொல்ல அவை போதவில்லை. அப்படியானால் அந்த மரப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நரம்பு மண்டலத்திலிருந்து. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் முதுகுத் தண்டில் வலியின் வழியை அடைக்க முடியும் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் எழுதினார்கள். முட்டி இடித்துக்கொண்டதும் நம் கை தானாக அங்கே போய்த் தேய்க்கிறதே, அதற்கும் இதுவே விளக்கம். விவரங்கள் பிறகு மாறியிருந்தாலும் அடிப்படை நிற்கிறது. நானும் சிலருக்கு இந்தத் தேய்ப்பைச் செய்கிறேன். கிடைக்கும் மரப்பில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்பதற்காக மட்டும். தேய்ப்பு மட்டும் போதும், பயிற்சி வேண்டாம் என்பவர்களுக்குச் செய்வதில்லை.

பயிற்சிதான் அந்த நாணை மறுபடி சுமை தாங்க வைக்கும். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் நேராக 30 முதல் 45 நொடி நிறுத்தச் சொல்லுங்கள். நாலைந்து முறை. வலி கொஞ்சம் அடங்கியதும் அடுத்த கட்டம்: இடது கையால் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்து, வலது மணிக்கட்டால் மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாக இறக்குவது. 10 முதல் 15 முறை, மூன்று சுற்று. செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவில் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள். ஆட்டத்தை அடியோடு நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரியும்! பேக்ஹேண்டைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளட்டும். ராக்கெட் பிடியின் தடிமனையும் ராக்கெட் வலை இழைகளின் இறுக்கத்தையும் கடையில் காட்டிச் சரிபார்க்கட்டும். தேக்கா சந்தையிலிருந்து பைகளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்தால் அந்த நாணில் இழுவை குறையும்.

பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், முழுசாகச் சரியாக மாதக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் வலி இது. அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசிக்குப் போகிறேன் என்றால் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில் ஊசி போட்டவர்களுக்கு முதல் சில வாரம் பிரமாதமாக இருந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் பாலிகிளினிக் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பிசியோதெரபிக்கு வரட்டும், கட்டணத்தில் மானியம் கிடைக்கும். இங்கே பிசியோதெரபிஸ்டுகள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். மசாஜ் கடைகளுக்கு உரிமம் கொடுப்பது காவல்துறை. அது கடை நடத்துவதற்கான உரிமம்; முழங்கையில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது. விரல்களில் மரமரப்பு, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி, கையிலிருந்து பொருள் நழுவி விழும் அளவுக்குப் பலவீனம் இவற்றில் ஏதாவது இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அப்போது பார்க்க வேண்டியது முழங்கையை அல்ல, கழுத்தை.